மீற்றர் தில்லையும் ரீவிப் பந்துக் கழகமும்

என் தம்பி தில்லைநாதனைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் தலையில் கை வைத்துக்கொள்வேன். பிறகுதான் வாய் திறப்பேன். நல்லவன், ஒரு பிழையும் இல்லை. ஆனால் கூடப் பிறந்து ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த நல்லவனோடு படுகிற பாடு தெரியும்.

மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிற வேலை அவனுக்கு. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றுபோனது. வீட்டுக்கு வீடு மீற்றர்ப் பெட்டியில் சிலந்தி வலை பின்னியது. இவனோ காலையில் முழுகி, திருநீறு பூசி, சேட்டுப் பையில் பேனையைக் குத்திக்கொண்டு கந்தோருக்குப் போவான். கையொப்பம் வைப்பான், திரும்பி வருவான்.

“கரண்ட் இல்லாத ஊரிலை மீற்றர் வாசிக்கப் போறாய். உனக்கு வெக்கமில்லையோடா?” என்று கேட்பேன்.

“நாளைக்குக் கரண்ட் வந்தால் ஆர் அக்கா வாசிக்கிறது?” என்பான். இவனோடு என்ன கதைப்பது, சொல்லுங்கள்.

இந்த ரீவிப் பந்துச் சனியன் எங்கள் வீட்டுக்குள் வந்தது எண்பத்தாறில். ஜேர்மனிக்குப் போன சின்னண்ணை ஆள் மூலம் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். சம்பல் அரைக்கிற மிசின் வரும் என்று நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். பெட்டியைப் பிரித்தால் இரண்டு குமிழ் வைத்த ஒரு தட்டையான சாமான். ரீவியில் பூட்டினால் கறுப்புத் திரையில் இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் பந்து என்று சொல்லி ஒரு பொட்டு. குமிழைத் திருகிக் கோட்டை மேலும் கீழும் அசைத்துப் பந்தைத் திருப்பி அடிக்க வேண்டும். தவறவிட்டால் மற்றவருக்கு ஒரு பொயின்ற். முதலில் பதினைந்து எடுத்தவர் வென்றார். அவ்வளவுதான்! மனிதன் அந்தக் குளிரில் கோப்பை கழுவி உழைத்து அனுப்பிய சாமான் இது.

தில்லைக்கு அதைக் கண்ட நாளில் இருந்து விசர் பிடித்துவிட்டது. தனியாக வைத்து விளையாடுகிற விசர் என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். “இதை ஊர் ஊராய்ப் போட்டி வைச்சு விளையாட வேணும் அக்கா” என்றான். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் பெரிய கலர் ரீவி வைத்திருந்தவர் சோமசேகரத்தார். ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சன் எடுத்தவர், ஊரில் எந்தச் சபைக்கும் தலைவர். தில்லை மிசினைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே போய், “ஐயா, இது இனிக் கழகத்தின்ரை சாமான்” என்று கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். கழகம் அப்போது பிறக்கவே இல்லை!

ஆட்களைச் சேர்த்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். மீற்றர்காரனை எந்த வீட்டிலும் கேற்றில் நிறுத்தி வைப்பதில்லை. கொக்குவில் கல்வீடு, அரியாலை ஓட்டுவீடு, குருநகர் தகரக் கொட்டில் எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். உள்ளே போவான், இலக்கத்தைக் குறிப்பான், குறித்த கையோடு, “இஞ்சை ஆருக்கும் கை சுறுக்கோ? ரீவிப் பந்து விளையாட வாறியளோ?” என்று கேட்பான். பில்லுக்குக் காசு கட்டவில்லையே என்று பயந்து நிற்கிற சனத்திடம் இந்தக் கேள்வி! அப்படிக் கேட்டுக் கேட்டு அரியாலையில் ஒரு தையல்காரர், சண்டிலிப்பாயில் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கிற அண்ணன் தம்பி, கடற்கரைக் குருநகரில் மீன்வலை பொத்துகிற யசிந்தா என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. யசிந்தாவின் விரலைப் பார்த்திருக்கிறேன். வலையில் கிழிந்த கண் எது என்று நாங்கள் தேடுவதற்குள் அவள் அதைப் பொத்திவிட்டு அடுத்த கண்ணுக்குப் போயிருப்பாள். அந்த விரல் குமிழில் பட்டால் பந்து எங்கே தப்பும்?

ஆட்கள் சேர்ந்தார்கள், விளையாடினார்கள் என்று கதை போயிருந்தால் எவ்வளவு நல்லது! எங்கள் ஊரில் நாலு பேர் கூடினால் நாலு பதவி வேண்டும். சனசமூக நிலையத்தில் ஆரம்பக் கூட்டம் வைத்தார்கள். போசகர், தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர். இத்தனைக்கும் கழகத்திடம் ஒரு சதம் இல்லை. குமிழை ஒருவன் தொடும் முன்னமே றப்பர் முத்திரை செய்து வந்துவிட்டது. சோமசேகரத்தார் போசகரும் தலைவரும். இரண்டும் ஒருவராக இருக்கலாமா என்று ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். தில்லை வாசலில் நின்று எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தான்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. வருசா வருசம் போட்டி வைக்க வேண்டும், வென்றவர் ஊரில்தான் அடுத்த போட்டி வரை மிசின் இருக்க வேண்டும். “சாமான் ஒரே வீட்டிலை கிடந்தால் மற்ற ஆக்கள் எப்பிடி ஐயா பழகிறது?” என்றான். சோமசேகரத்தார் பெரிய மனதோடு, “நல்ல யோசனை தம்பி, எழுதுங்கோ” என்றார். ஏன் சொல்லமாட்டார்? அவருடைய தங்கச்சி மகன் பஞ்சலிங்கம்தான் அப்போது எல்லாரையும் அடித்துக்கொண்டிருந்தவன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஆறு வருசம், ஒரு இறுதிப் போட்டியாவது முடிந்திருக்க வேண்டுமே! முதல் வருசம் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரை எல்லாம் முடிந்து பந்து திரையில் வந்ததும் கரண்ட் போனது. அடுத்த வருசம் சண்டை, கோயிலில் போய் இருந்தோம். இந்தியன் ஆமி நின்ற காலத்தில் ஒரு தரம் வைத்தார்கள். நன்றியுரைக்காரர் நன்றி சொல்லிச் சொல்லியே ஊரடங்கு நேரம் ஆகி, எல்லாரும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்கள். நன்றியுரையை விளையாட்டுக்கு முன்னம் வைத்த புத்திசாலிகளை என்ன செய்யலாம்? ஒவ்வொரு தரமும் மிசின் திரும்பச் சோமசேகரத்தாரின் அலுமாரிக்குள் போனது. கேட்டால், “வெண்டவர் எண்டு ஒருத்தரும் இல்லையே தம்பி” என்பார்.

போட்டி இல்லாத நாளில் பழக வரலாம் என்றும் கழக யாப்பில் ஒரு விதி இருந்தது. அரியாலைத் தையல்காரர் வந்தால் விறாந்தையில் கதிரை போடுவார்கள். யசிந்தாவும் குருநகர் ஆட்களும் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்தால் மட்டும் ஐயாவுக்கு நித்திரை வந்துவிடும். கேற்றோடு நின்று திரும்பிப் போவார்கள். தில்லை அடுத்த நாள் போய்க் கேட்பான். “அடடா, எனக்குத் தெரியாதே தம்பி” என்று பதில் வரும். இவனும் நம்பிக்கொண்டு வருவான். “அவர் நல்ல மனுசன் அக்கா, வயசு போயிட்டுது” என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீற்றரில் சின்ன முள்ளு ஆடுவது தெரிகிற கண்ணுக்கு, மனிசர் செய்கிற வேலை தெரியவில்லையே!

தொண்ணூற்றிரண்டில், கரண்ட் போய் இரண்டு வருசம் ஆன பிறகு, எல்லாம் படுத்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறான்: “ஜெனறேற்றர் ஒண்டு இரவலா வாங்கியிட்டன் அக்கா. ஆளுக்கொரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லியிருக்கு. இந்தமுறை முடிச்சுப்போட்டுத்தான் மற்ற வேலை.”

நான் அகப்பையை வைத்துவிட்டேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கிறவள் நான். மருந்துபோலத் தந்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து விளக்காக்கி, அரைப் போத்தல் எண்ணெயை ஒரு கிழமைக்கு இழுத்தடிக்கிற சனம், ஒரு பொட்டு அங்கும் இங்கும் ஓடுவதைப் பார்க்க எண்ணெய் கொண்டுவருமா?

“உனக்கு முழு விசர்” என்றேன்.

வந்தார்கள்! போட்டி நாள் மத்தியானமே சனசமூக நிலையம் நிரம்பிவிட்டது. சோமசேகரத்தாரின் கலர் ரீவியைத் தூக்கிவந்து மேசையில் வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு எண்ணெய்க் கான் வைத்து, வந்த போத்தல்களை ஊற்றிக்கொண்டு நின்றேன். யசிந்தா தாய் லூர்த்தம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தாள். தாய் சீலைத் தலைப்புக்குள் இருந்து போத்தலை எடுத்துத் தந்தார்.

“இந்தக் கிழமை எங்கடை வீட்டிலை இருட்டுத்தான் பிள்ளை” என்றார் என்னிடம். “சொன்னாக் கேக்கிறாளில்லை. வெண்டால் மிசின் எங்கடை பக்கம் வருமாம், கேற்றிலை நிண்டு திரும்பி வாற வேலை இல்லையாம்.”

யசிந்தா கான் வாயில் போத்தலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

கான் நிறைந்தது. ஆறுதலாக விளையாடி முடிக்கப் போதும் என்று நினைத்தேன். அப்போதுதான் உபசெயலாளர் ஓடிவந்து, “பிரதம விருந்தினரை ஏத்திவர ஐயாவின்ரை காருக்கு எண்ணெய் வேணுமாம்” என்றார். சோமசேகரத்தாரின் பழைய ஒஸ்ரின், கொஞ்சம் பெற்றோல் காட்டினால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். பிரதம விருந்தினர் சண்டிலிப்பாயில் இருக்கிற ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. அவரில்லாமல் எப்படிப் போட்டி தொடங்குவது? கானில் பாதிக்கு மேல் காருக்குள் போனது. நான் தில்லையைப் பார்த்தேன். “ஒரு முறைதானே அக்கா” என்றான். சிவ சிவா!

விருந்தினர் வந்தார். மங்கள விளக்கு ஏற்றினார்கள். அதற்கும் எண்ணெய்தான், நல்லகாலம் தேங்காயெண்ணெய். பிறகு மைக். அறுபது பேர் இருக்கிற மண்டபத்துக்கு மைக் ஏன்? மைக் இல்லாமல் கூட்டமா! ஜெனறேற்றரை முடுக்கினார்கள். தலைமையுரை தொடங்கியது. ரீவிப் பந்து என்ற விளையாட்டில் பந்து எத்தனை பக்கம் போகும் என்றுகூடச் சோமசேகரத்தாருக்குத் தெரியாது, ஆனால் பேசினார். ரயில் ஓடிய காலம் பற்றிப் பேசினார். விருந்தினர் இளைஞரும் ஒழுக்கமும் பற்றிப் பேசிவிட்டு, இருந்ததும் கண்ணயர்ந்தார். வாழ்த்துரைக்கு ஒருவர், அவரை அறிமுகப்படுத்த ஒருவர். நான் பின் வாசலில் ஜெனறேற்றருக்குப் பக்கத்தில் நின்று, ஊற்றிய ஒவ்வொரு துளியும் சொற்பொழிவாக எரிவதைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். லூர்த்தம்மாவின் ஒரு கிழமை வெளிச்சம் அந்த மைக்குக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது. அதைச் சும்மா சொல்லக்கூடாது, சனம் மூச்சு விடாமல் பார்த்தது. சண்டிலிப்பாய்ச் சகோதரர்கள் விழுந்தார்கள், தையல்காரர் விழுந்தார். கடைசியில் நின்றது பஞ்சலிங்கமும் யசிந்தாவும். அவள் கதிரை நுனியில் இருந்துகொண்டு கண்ணை இமைக்காமல் ஆடினாள். பதின்மூன்று அவளுக்கு, ஒன்பது அவனுக்கு. குருநகர் ஆட்கள் எழும்பி நின்றுவிட்டார்கள். அந்த நேரத்தில் ஜெனறேற்றர் இரண்டு தரம் இருமியது, நின்றது. ரீவி கறுத்துப்போனது.

சோமசேகரத்தார் எழும்பி, “என்ன செய்யிறது தம்பி, எண்ணெய் முடிஞ்சுது. அடுத்த வருசம் பாப்பம்” என்றார். பெரிய துக்கம் இருந்தமாதிரித் தெரியவில்லை. அவர் சொல்லி வாய் மூடும் முன் உபசெயலாளர் மிசின் வைக்கிற பெட்டியோடு மேசையடியில் நின்றார். அந்தப் பெட்டி ஐயா வீட்டு அலுமாரிக்குள் இருக்கிற பெட்டி, மிசினை எடுத்துவந்தபோது அங்கேயே விட்டது. ஆட்டம் முடிய முன்னம் அதை யார் கொண்டுவரச் சொன்னது?

தில்லை அந்தப் பெட்டியைப் பார்த்தான். யசிந்தாவைப் பார்த்தான். அவள் இன்னும் குமிழை விடவில்லை. ஆறு வருசமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதது அந்த ஒரு நிமிசத்தில் அவனுக்கு ஏறிவிட்டது. முகம் அப்படி மாறி நான் கண்டதில்லை. வெளியே போனான். கானையும் ஒரு றப்பர்க் குழாயையும் எடுத்தான். ஒஸ்ரினின் எண்ணெய் மூடியைத் திறந்து, குழாயை உள்ளே விட்டு, வாயை வைத்து உறிஞ்சினான்.

“டேய்! என்ரை காரிலை கை வைக்கிறியோ?” சோமசேகரத்தார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

தில்லை வாய்க்குள் வந்த மண்ணெண்ணெயைத் துப்பினான். “கார் உங்கடை ஐயா, எண்ணெய் எங்கடை.”

“பிரதம விருந்தினர் எப்பிடி வீட்டை போறது? உனக்கு மரியாதை தெரியுமோ? இண்டையோடை கழகம் கலைச்சாச்சு, தெரிஞ்சுகொள்!”

“கலையுங்கோ. ஆட்டம் முடியட்டும், பிறகு கலையுங்கோ.”

கல்வி அதிகாரி சத்தத்தில் முழித்து வாசலுக்கு வந்திருந்தார். “நான் சைக்கிளிலை போறன், முதல் இதை முடியுங்கோ” என்றார். “பிள்ளை பதின்மூண்டிலை நிக்குதெல்லோ!” நித்திரையில்தான் எண்ணிக்கொண்டிருந்தாராக்கும்.

ஜெனறேற்றர் திரும்ப ஓடியது. ரீவி வெளித்தது. பார்த்தால் இந்தப் பக்கம் சைபர், அந்தப் பக்கம் சைபர். கரண்ட் போனால் மிசினுக்கு ஒன்றும் நினைவிராது. குருநகர் ஆட்கள் “ஐயோ” என்றார்கள். சோமசேகரத்தார் மருமகனிடம், “பிறகென்ன, முதலிலை இருந்து தொடங்கு” என்றார்.

பஞ்சலிங்கம் குமிழில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்தான். “அடியும் தங்கச்சி” என்றான். அவள் அடித்தாள். பந்து அவனைத் தாண்டிப் போனது. ஒன்று. திரும்ப அடித்தாள், அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். இரண்டு. பதின்மூன்று வரும்வரை அப்படியே இருந்தான். பிறகு அவள் கையை எடுத்தாள். ஒன்பது வரும்வரை அவனுக்கு விட்டாள்.

“எண்ணெய் எரியுதடா, என்ன விளையாட்டு இது!” என்று நான் கத்தினேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள், கொக்குவிலும் குருநகரும் அரியாலையும் ஒரே குரலில். எனக்குக் கோபத்தில் கண் நிறைந்தது. கோபத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஆடினார்கள் பாருங்கள், ஆட்டம். அவன் விடவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறி வந்தான். அவள் பதினாலு, அவன் பதினாலு. கடைசிப் பந்து அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருந்தது, எனக்கு ஜெனறேற்றரைப் பார்க்கவும் பயம், ரீவியைப் பார்க்கவும் பயம். பஞ்சலிங்கத்தின் கோடு ஒரு விரலளவு பிந்திப்போனது. பந்து தாண்டியது.

பதினைந்து!

மண்டபம் இடிந்து விழும் என்று நினைத்தேன். லூர்த்தம்மா சிலுவை போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். தில்லை உபசெயலாளரின் கையில் இருந்த பெட்டியை வாங்கி, மிசினைத் தன் கையாலேயே வைத்து, யசிந்தாவிடம் கொடுத்தான்.

சோமசேகரத்தார் அப்போதும் அடங்கவில்லை. எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “கொண்டு போங்கோ, கொண்டு போங்கோ. உங்கடை பக்கம் ரீவி ஒண்டு இருக்கோ? மிசினை அவிச்சுத் தின்னப் போறியளோ?”

நான் தில்லையைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். என் கடவுளே! வீட்டுக்கு வீடு போய் எத்தனை யூனிற் எரிந்தது என்று எழுதினவன், குருநகர் வீடுகளில் ஒரு ரீவி இல்லை என்பதை ஆறு வருசமாக யோசிக்கவில்லை. அந்த இடத்திலேயே அவன் காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல இருந்தது.

யசிந்தா பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். “ரீவி இல்லைத்தான் ஐயா” என்றாள். “வெண்டது நான், மிசின் எங்கடை வீட்டிலை இருக்கும். விளையாட விருப்பமானவை ரீவியோடை வரட்டும். நாங்கள் எண்ணெயோடை வரேல்லையோ?”

சோமசேகரத்தார் மருமகனைத் திரும்பிப் பார்த்தார், அவன் ஏதாவது சொல்லுவான் என்று. ரீவி அவருடையது, தூக்கித் தந்தால்தானே போகும்.

பஞ்சலிங்கம் கதிரையை விட்டு எழும்பினான். “அம்மாவின்ரை சின்ன ரீவி ஒண்டு வீட்டிலை கிடக்கு” என்றான். “கறுப்பு வெள்ளைதான், கார் பற்றரியிலையும் ஓடும். சைக்கிள் கரியரிலை கட்டலாம். ஞாயிறு எத்தினை மணிக்கு வாறது தங்கச்சி?”

“பூசை முடிய வாங்கோ” என்றாள் யசிந்தா.